எலுமிச்சம்பழக் கை

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்காரன் வீட்டுக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் சேர்ந்த அந்த வாடை சட்டையில் ஏறும், சட்டையிலிருந்து பாயில் ஏறும், பாயிலிருந்து பிள்ளைகளின் தலைமுடியில் ஏறும். வெளியூர்க்காரர்கள் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. அது வராத நாளில்தான் பயம். வாடை இல்லை என்றால் ஷாப்பு ஓடவில்லை என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து வாடை இல்லை. கொரியாவில் சண்டை நடந்தவரைக்கும் சீமைக்காரன் எங்கள் தோலைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினான். சண்டை ஓய்ந்ததும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கோ இரண்டு கூட்டம் சமாதானமாகப் போனதற்கு பேகம்பூரில் அடுப்பு அணைந்தது. ஒரு ஷாப்பு பூட்டியது, அடுத்தது பூட்டியது, கடைசியில் நைனா முகமது ராவுத்தர் ஷாப்பும் பூட்டியது. காலியான குழிகளில் ஆடிக்காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது.

ராவுத்தர் ஷாப்பில் ரஹ்மத்துல்லா பட்டைக்குழி மேஸ்திரி. சுண்ணாம்புக் குழியில் மயிர் உதிர்ந்து, கத்தியில் சுரண்டப்பட்டு வரும் தோல் அவரிடம்தான் வரும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, எடுத்து, புரட்டி, மறுபடி போட்டு, எப்போது போதும் என்று சொல்ல வேண்டியவர் அவர். பன்னிரண்டு வயதில் குழியில் கைவிட்டவர். பட்டைச் சாறும் இரும்புக் கத்தியும் சேர்ந்தால் தோலில் கறுப்பு ஏறும். மனுஷத் தோலும் தோல்தானே. முழங்கை வரைக்கும் அவருக்குக் கறுப்பு. நகம் பத்தும் மை தொட்டு வைத்ததுபோல் இருக்கும். உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்து, தீக்கங்கை எடுத்துப் பீடி பற்றவைப்பார்.

ஆடியிலிருந்து அந்தக் கைக்கு வேலை இல்லை. மனைவி ஜெய்தூன் பீவி சோளக் கஞ்சி காய்ச்சினாள். பிறகு அதில் தண்ணீரைக் கூட்டினாள். அவளுடைய அண்ணன் அப்துல் கையூம் கடைவீதியில் சோப்பு, சீப்பு, அத்தர் விற்கிறவர். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பையில் அரிசி அனுப்புவார். அந்த அரிசிச் சோறு வேகிற நாளில் ரஹ்மத்துல்லா பசியில்லை என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். மச்சான் அரிசி தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். மகள் நசீம் பானுவுக்கு ஆறு வயது. அவளுக்கு மட்டும் இறங்கியது.

கார்த்திகையில் பினாங்கிலிருந்து கடிதாசி வந்தது. எழுதியவர் முகமது பாரூக். சித்தையன்கோட்டைக்காரர், அங்கே புதிதாகத் தோல் ஷாப்பு போட்டிருந்தார். ஒரு காலத்தில் ராவுத்தர் ஷாப்பில் சரக்கு எடுத்தவர், ரஹ்மத்துல்லாவின் வேலையைக் கண்ணால் பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு வா, பர்மிட்டுக்கு நான் பொறுப்பு என்று எழுதியிருந்தார். கூடவே இங்கிலீஷில் இரண்டு தாள். அதைத் தூக்கிக்கொண்டு ரஹ்மத்துல்லாவும் கையூமும் ராயப்பராஜ் வாத்தியாரிடம் போனார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறவர், எங்கள் தெருவுக்கு வருகிற தந்தி, நோட்டீஸ் எல்லாம் அவர் வாயால்தான் எங்களுக்கு விளங்கும்.

வாத்தியார் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"பாய், முன்ன மாதிரி நெனச்சாக் கப்பல் ஏறிற முடியாது. அங்கிட்டுச் சட்டம் போட்டுட்டாங்க. ஒரு மொதலாளி பொறுப்பு ஏத்துக்கணும், சம்பளம் இம்புட்டுக்குக் கொறையாமத் தாரேன்னு எழுதணும். இவரு எழுதிட்டாரு. ஆனா போற ஆளு ஸ்கில்டு ஆளா இருக்கணும். அத மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல நேர்ல பாத்து விசாரிப்பாங்க. அவங்க சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் இந்தப் பர்மிட்டு செல்லும்."

"ஸ்கில்டுன்னா என்னங்கய்யா?" என்றார் ரஹ்மத்துல்லா.

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"கூலி இல்லைன்னு அர்த்தம். கூலி ஆளைக் கப்பல்ல ஏத்தவே கூடாதுன்னு ரூலு. கூலின்னு சந்தேகம் வந்துச்சுன்னாத் தீந்துச்சு."

வாத்தியார் சொன்னதில் குற்றமில்லை. அது எங்கள் காதில் விழுந்த விதத்தில்தான் குற்றம். பேகம்பூரில் கூலி உண்டு, துரை உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருப்பதாக யாருக்கும் தெரியாது. கூலி இல்லை என்றால் துரை மாதிரி போய் நிற்க வேண்டும் என்று கையூம் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

"ஜெய்தூனு, மச்சானை ஆளு மாத்தணும்" என்றார் வீட்டுக்கு வந்து. "நம்ம கோட்டு ஒண்ணு கெடக்கு, நா நிக்காஹ்வுக்குத் தச்சது. பூட்சு வாங்கிக்கிரலாம். முடியை ஒட்ட வெட்டணும். அந்த வாடை இருக்கே, அது போகணும். சோப்பு நா தாரேன்."

"அதெல்லாம் சரிண்ணே" என்றாள் ஜெய்தூன். "கை?"

மூன்று பேரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். ரஹ்மத்துல்லா அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"இந்தக் கையோட போனா வாசல்லயே கூலின்னு தொரத்திருவான்" என்றார் கையூம்.

பட்டைக் கறைக்கு எலுமிச்சம்பழம் என்று ஷாப்புக்காரன் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். வேட்டியில் கறை பட்டால் அப்படித்தான் எடுப்பார்கள். சிறுமலையிலிருந்து பழம் இறக்குகிற அய்யம்மாளிடம் ஜெய்தூன் அடிபட்ட பழமாகக் கேட்டு வாங்கினாள். அதற்கு மாற்றாக அய்யம்மாள் வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்தாள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து புருஷனின் கையை மடியில் போட்டுக்கொள்வாள். பழத்தை அறுத்து உப்பில் தொட்டுத் தேய்ப்பாள். சாறு காய்ந்ததும் செங்கல் துண்டால் காய்ப்பை உரசுவாள். கடைசியில் தேங்காய் எண்ணெய்.

"எரியுதா?"

"எரியலை, பூப் பூத்த மாதிரி இருக்கு" என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நாள் ஆக ஆகக் கறுப்பு பழுப்பானது, பழுப்பு வெளிறியது. ஒருநாள் இடது கைப் பெருவிரலில் நகம் வெள்ளையாகத் தெரிந்தது. ஜெய்தூன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க கை இந்தக் கலருன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நிக்காஹ் அன்னைக்கு மருதாணி வச்சாங்களே, அந்தக் கறுப்புல அது எங்கிட்டுப் போச்சுன்னே தெரியலை. எங்க அம்மா என்ன சொன்னாக தெரியுமா? மாப்பிள்ளைக்கு மருதாணி வச்சது தெண்டம்னு."

"அப்ப இப்ப வச்சு விடு."

"வைக்கிறேன், வைக்கிறேன். பினாங்குல இருந்து வாங்க, ரெண்டு கையிக்கும் வைக்கிறேன்."

சாறு பிழிந்த தோல்களுக்காக நசீம் பானு காத்திருப்பாள். கஞ்சிக்கு வெஞ்சனம் இல்லாத வீட்டில் அதுவே வெஞ்சனம். கறை படியாத பக்கமாகப் பார்த்து உப்போடு நக்கிக்கொண்டு ஒரு கிண்ணம் கஞ்சியைக் குடித்துவிடுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ரஹ்மத்துல்லா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கை இரண்டும் ஜெய்தூனிடம் மாட்டிக்கொண்டிருப்பதால் எழுந்துபோகவும் முடியாது.

மார்கழிக் குளிர் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலையில் எழுந்தபோது அந்த வாடை வந்தது. தெருவே வாசலுக்கு வந்து மூச்சை இழுத்துப் பார்த்தது. ராவுத்தர் ஷாப்பு திறந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் சூசைமுத்து வந்து வாசலில் நின்றான். ரஹ்மத்துல்லாவுக்குக் கீழே இருந்தவன், சுண்ணாம்புக் குழி ஆள்.

"மேஸ்திரி! மொதலாளி கூப்புட்டு விட்டாக. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஒரு லாரித் தோலு எறங்கியிருக்கு. பட்டைக் குழியில நிக்க ஆளில்ல. இப்பவே வாங்க, முன்பணம் கூடத் தாரேன்னாக."

ரஹ்மத்துல்லா எழுந்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டுவிட்டார். வாடை அவரைப் பிடித்து இழுத்தது. ஜெய்தூன் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"அவுக வரமாட்டாகன்னு சொல்லுங்க."

"என்ன தங்கச்சி சொல்றீக? அரை வருசமாக் காத்துக் கெடந்தது இதுக்குத்தானே?"

"அவுகளுக்கு மேலுக்குச் சரியில்ல."

சூசைமுத்து ரஹ்மத்துல்லாவை ஏற இறங்கப் பார்த்தான். நன்றாக இருந்த உடம்பைப் பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான். எண்ணெய் தடவிய அந்த மாதிரிக் கைகளை அவன் எந்த மேஸ்திரியிடமும் கண்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

"செத்த நாளைக்குப் போயிட்டு வந்திருப்பேனே ஜெய்தூனு" என்றார் ரஹ்மத்துல்லா. "புள்ளைக்கு ஒரு வாய் சோறாச்சும்…"

"ஒரு நாளு குழியில கைய விட்டாப் போதும், இம்புட்டு நாளுத் தேச்சதும் வீணாப் போகும். தை பத்தாந்தேதி மெட்ராஸ் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கான். அது வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. ரெண்டு வருசம் உக்காந்து திங்கலாம்."

திங்கலாம் என்று சொன்னாளே, அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஷாப்பு ஓடுகிறது, மேஸ்திரிக்கு வேலை இருக்கிறது, கூப்பிட்டு ஆள் வந்திருக்கிறது, அந்த வீட்டில் மட்டும் பட்டினி. கை வெள்ளையாக இருக்க வேண்டுமே என்று கிடந்த பட்டினி அது. எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தை பிறந்தது. கோட்டு, பூட்சு, அத்தர் சகிதம் கையூம் மச்சானை ரயிலேற்றி மெட்ராஸுக்கு அழைத்துப்போனார். வாத்தியார் ஒரு வாக்கியம் இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்திருந்தார். வழியெல்லாம் ரஹ்மத்துல்லா அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே வேலியோரமெல்லாம் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.

"கைய உள்ள வைங்க மச்சான், கரி படும்" என்றார் கையூம்.

ஆபீஸில் கையூமை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஓர் ஆபீஸர். வயதானவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து பொய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம்.

"என்னப்பா தொழில்?"

"ஐ ஆம் லெதர் டெக்னீஷியன் சார்."

ஆபீஸர் நிமிர்ந்தார். "யார் சொல்லிக் கொடுத்தா?"

ரஹ்மத்துல்லாவுக்குப் பொய் வராது. "வாத்தியாரு சார்."

"தமிழ்லயே சொல்லு. எத்தனை வருஷமாத் தோல் வேலை?"

"பன்னெண்டு வயசுல இருந்துங்க. பட்டைக் குழி மேஸ்திரிங்க."

ஆபீஸர் மூக்கை உறிஞ்சினார். அத்தரும் சந்தனச் சோப்பும் எலுமிச்சம்பழமும் மணத்தன.

"கையைக் காட்டு."

ரஹ்மத்துல்லா பெருமையாகவே இரண்டு கையையும் நீட்டினார். இதற்காகத்தானே இத்தனை நாள் பட்டினி. ஆபீஸர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போன வாரம் ஒருத்தன் தச்சன்னு வந்தான். உளியை எடுத்துக் கொடுத்தேன், தலைகீழாப் பிடிச்சான். நீ அந்த அளவுக்கு மோசமில்லை. பாடம் நல்லாப் படிச்சிருக்கே. ஆனா நான் பல்லாவரத்துக்காரன்ப்பா, அங்க தெருவுக்குத் தெரு தோல் ஷாப்புதான். தோல்காரன் கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது ஜவுளிக்கடையில துணி கிழிக்கிற கை."

"ஐயா, இது கழுவின கைங்க! எம் பொஞ்சாதி எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுருச்சுங்க!"

"ஏன் தேய்க்கணும்?"

ரஹ்மத்துல்லா வாயைத் திறந்தார். கோட்டும் பூட்சுமாக நின்றுகொண்டு அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கூலின்னு நெனச்சுக்கிருவீகன்னுங்க."

ஆபீஸர் மறுபடி அந்தக் கையைப் பார்த்தார். நம்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பார் போலிருக்கிறது. பிறகு தலையை ஆட்டினார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. உன் பர்மிட் மாசி கடைசி வரைக்கும்தான் செல்லும், அதுக்குள்ள கப்பல் ஏறணும். நீ வேலை பார்த்த முதலாளிகிட்ட எழுதி வாங்கிண்டு வா. இல்லைன்னா, நீ நிஜமான தோல்காரன்னா, தோல்காரன் கையோட வா. பார்க்கிறேன்."

திண்டுக்கல்லில் இறங்கி ரஹ்மத்துல்லா கோட்டோடு நேரே ராவுத்தர் ஷாப்புக்குப் போனார்.

நைனா முகமது ராவுத்தர் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த தோலை எண்ணவிட்டுக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க தொரை. மேலு சரியாப் போச்சா?"

"மொதலாளி, நா ஒங்க ஷாப்பு மேஸ்திரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கூப்புட்டு விட்டேன், பொஞ்சாதியை விட்டுப் பதில் சொன்ன. ஒரு லாரித் தோலு அழுகுற மாதிரி ஆயிப்போச்சு. வாணியம்பாடி ஆளைப் புடிச்சு நிப்பாட்டினேன். இப்ப நீ எம் மேஸ்திரியாக்கும்? இதுல இன்னொண்ணு, பாரூக்கு அங்கிட்டு ஷாப்பு ஓட்டுனா எஞ்சரக்கு அவன்கிட்டப் போகாது. எந்தொழிலுக்கு எதிரா நானே கையெழுத்துப் போடணுமாக்கும்?"

"மொதலாளி, புள்ள பட்டினி கெடக்கு."

ராவுத்தர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கல்நெஞ்சு இல்லை. ரோஷம் இருந்தது, அவ்வளவுதான்.

"பட்டைக் குழியில எடமில்ல. சுண்ணாம்புக் குழியில ஆளு கொறையுது. கூலிக்கு நிக்கிறதுன்னா நில்லு."

ரஹ்மத்துல்லா கோட்டைக் கழற்றி மடித்துத் திண்டில் வைத்தார். கூலி இல்லை என்று நிரூபிக்கிறதற்காக அன்றைக்கு மத்தியானமே அவர் கூலிக்கு இறங்கினார். தன்னிடம் வேலை பார்த்த சூசைமுத்துவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வேணாம் மேஸ்திரி" என்றான் சூசைமுத்து. "ஒங்க கையப் பாருங்க, பச்சப் புள்ள கை மாதிரி இருக்கு. காய்ப்பு இருந்தாலே சுண்ணாம்பு திங்கும். இத முழுங்கிரும். எண்ணெயைத் தடவிக்கிட்டு மேல நின்னு குச்சியால புரட்டுங்க, போதும்."

"குச்சியில நின்னா எனக்கு எப்புடிக் கை வரும்? மாசி முடியறதுக்குள்ள வரணும் சூசை."

முதல் நாள் விரலிடுக்கில் சிவந்தது. அடுத்த நாள் தோல் உரிந்தது. மாலையில் ஷாப்பு முடிந்ததும் உரிந்த கையைப் பட்டைக் குழியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய இரும்புக் கத்தியை எடுத்து அதில் கலக்குவார், கறுப்பு ஏறட்டும் என்று. வாணியம்பாடி மேஸ்திரி, இவன் என்ன பைத்தியமா என்று சூசைமுத்துவிடம் கேட்டானாம். கறுப்பு ஏறத்தான் செய்தது. புண்ணில் ஏறியது. காய்ப்பு இருந்த இடத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, அந்த உடைப்பிலும் கறுப்பு ஏறியது.

கூலியாக வந்த அரிசியில் ஜெய்தூன் சோறு பொங்கி வைத்திருந்தாள். வெகு நாளைக்கு அப்புறம் சொந்த அரிசிச் சோறு. தட்டுக்கு முன்னால் அவர் கையைத் தூக்கியபோது அவள் பார்த்துவிட்டாள்.

"யா அல்லா! என்னங்க இது?"

"தோல்காரன் கை" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தானே தேச்சேன். செங்கல்லை வச்சு நாந்தானே தேச்சேன். காய்ப்பு இருந்தா இப்புடி ஆகியிருக்குமா? நாளைக்குப் போகாதீக. பினாங்கும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"நீ தேச்சதுக்கு அர்த்தம் வேணாமா?" என்றார். "எலுமிச்சம்பழத்தோல நக்கிக்கிட்டு அந்தப் புள்ள கஞ்சி குடிச்சதுக்கு அர்த்தம் வேணாமா? செத்தப் பொறு."

அன்றைக்கு அவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. உப்பும் புளியும் பட்டால் உயிர் போனது. கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். துரைமார் சாப்பிடுகிற மாதிரி இருக்கு அத்தா என்று நசீம் பானு சிரித்தாள். அவரும் சிரித்தார். ஜெய்தூனால் முடியவில்லை.

மாசி நடுவில் ரஹ்மத்துல்லா மறுபடி ரயிலேறினார். இந்தத் தடவை கையூம் துணைக்குப் போகவில்லை. இரண்டு டிக்கெட்டுக்கு வழியில்லை. கோட்டை மட்டும் கட்டாயப்படுத்திப் போட்டுவிட்டார். ஜெய்தூன் அவருடைய பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தேங்காய் எண்ணெயில் நனைத்து இரண்டு கையிலும் சுற்றிவிட்டாள். காய்ச்சல் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அதே ஆபீஸர். ரஹ்மத்துல்லா இங்கிலீஷ் பேசவில்லை. மேஜைக்கு முன்னால் நின்று பல்லால் முடிச்சை அவிழ்த்து, துணியைப் பிரித்து, கையை நீட்டினார். துணி ஒட்டியிருந்த இடத்தில் இழுத்தபோது ரத்தம் கசிந்தது.

ஆபீஸர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னய்யா பண்ணினே?"

"தோல்காரன் கையோட வரச் சொன்னீகளே ஐயா."

ஆபீஸர் நெடுநேரம் அந்தக் கையைப் பார்த்தார். தொடவில்லை. ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த ஆபீஸில் அதுவரை யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

"நீ தோல்காரன்தான். ஒத்துக்கறேன். அன்னிக்கே ஒத்துண்டிருக்கணும்." தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஆனா அடுத்த ரூம்ல டாக்டர் இருக்கார். அவரும் கையெழுத்துப் போடணும். இந்தக் கையோட உன்னை எப்படிக் கப்பல் ஏத்துவார்?"

டாக்டர் ஏற்றவில்லை. சீழ் பிடித்திருக்கிறது, ஒட்டுவாரொட்டியாக இருக்கலாம், ஆறுவதற்கு மூன்று மாதமாவது ஆகும் என்றார். ஆபீஸர் அந்த அறைக்கே வந்து பேசிப் பார்த்தார். டாக்டர் பர்மிட்டின் தேதியைப் பார்த்தார். மாசி கடைசி. அதற்குள் அந்தக் கை ஆறாது. மருந்து வைத்து வெள்ளைத் துணி சுற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் வெயிலில் ரஹ்மத்துல்லா தெருவில் நடந்து வந்தார். கை இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. ஷாப்பு வாடை தெருவை நிறைத்துக்கொண்டிருந்தது. ஜெய்தூன் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் படியேறும் முன்பே கேட்டுவிட்டாள்.

"என்ன சொன்னாக?"

ரயிலில் வழி முழுவதும் அவர் யோசித்துக்கொண்டு வந்தது அந்த ஒரு பதிலைத்தான். நல்லதிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்திருந்தார்.

"தோல்காரன்னு ஒத்துக்கிட்டாக ஜெய்தூனு. நாற்காலியில உக்கார வச்சு ஒத்துக்கிட்டாக."

மீதியைச் சொல்ல அவள் விடவில்லை. முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

"ஒத்துக்கிட்டாங்களாம்! எங்க வீட்டுல அவுகள ஒத்துக்கிட்டாங்களாம்! ஏ நசீமு, மாமாவக் கூப்புடு! வாத்தியாருக்குச் சொல்லுங்க யாராச்சும்!"

தெரு கூடிவிட்டது. தெருவுக்கும் ஒரு நல்ல சேதி தேவைப்பட்டிருந்தது. வாத்தியார் பாதி வகுப்பில் வந்துவிட்டார். கையூம் கடையை அப்படியே போட்டுவிட்டு, வழியில் வாங்கிய கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தார். ஜெய்தூன் அதைப் பிரித்து ஒவ்வொருவர் வாயிலும் போட்டாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். ரஹ்மத்துல்லா நடுவில் நின்றார். அவர் வாய் திறந்து திறந்து மூடியதை யாரும் கவனிக்கவில்லை.

எங்களில் பயணம் போகிறவனுக்கு இரண்டு கையாலும் கையைப் பற்றி முஸாபஹா செய்து வழியனுப்புவது வழக்கம். கையூம்தான் முதலில் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க மச்சான் கையை! கப்பலு என்னைக்கு?"

கோட்டுப் பையிலிருந்து கை வெளியே வரவில்லை. கையூமின் கைகள் அப்படியே நீட்டியபடி நின்றன. ஒரு கற்கண்டைக் கடித்த சத்தம் எங்கோ கேட்டது. பிறகு ரஹ்மத்துல்லா மெல்ல இரண்டு கையையும் வெளியே எடுத்தார். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைத் துணி, அதில் மஞ்சளாக ஈரம்.

"தோல்காரன்னு என்னைய ஒத்துக்கிட்டாக மச்சான்" என்றார். "கையைத்தான் ஒத்துக்கலை."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். கையூம் நீட்டிய கைகளை எப்படி மடக்குவது என்று தெரியாமல் நின்றார். ஒவ்வொருவராகத் தெரு கலைந்தது. போகிறபோது வாயிலிருந்த கற்கண்டைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

ஜெய்தூன் உள்ளே போனாள். அவள் அலறுவாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரோரம் காத்திருந்தார்கள். அவள் அலறவில்லை. பானையில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். கூலிக்கு வந்த அரிசியில் அது கடைசிச் சோறு. ஊறுகாய் கொஞ்சம் வைத்தாள். மிஞ்சிப்போன எலுமிச்சம்பழங்களை அவள்தான் உப்பில் போட்டு வைத்திருந்தாள். முற்றத்தில், முன்பு கையை மடியில் போட்டுக்கொண்டு தேய்த்த அதே இடத்தில், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"கையைத்தானே ஒத்துக்கலைன்னாக" என்றாள் ஜெய்தூன். "வாயி என்ன பண்ணுச்சு? தொறங்க."